குதிரை லாடத்துக்கு ஆள் தேடறவங்களுக்கு

பாலக்காட்டு மாவட்டத்துல எங்க கொழிஞ்சாம்பாறை பக்கம் மாட்டுக்கு லாடம் அடிக்க ஆள் கேட்டா யாராச்சும் ஒருத்தரக் கை காட்டிருவாங்க, குதிரைன்னு சொன்னா பாதிப்பேரு நழுவிருவாங்க, மீதிப்பேரு கயிறு எங்கேம்பாங்க. மாட்டைக் கட்டிக் கீழ சாய்ச்சு அடிக்கறது வழக்கம், குளம்பு பிளந்திருக்கறதால ஒரு காலுக்கே ரெண்டு துண்டு லாடம். குதிரைக்கு ஒத்தக் குளம்பு, ஒத்த லாடம், நின்னுக்கிட்டே காலைக் குடுக்கோணும். ரெண்டும் வேற வேற வேலைங்க.

எங்க குதிரைக்கு இப்ப லாடம் அடிக்க வர்ற அண்ணனுக்கு ஊரு பொள்ளாச்சிப் பக்கம். ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுல குதிரைச் சந்தை கூடுமில்ல, அங்க குதிரைக்காரங்ககிட்ட விசாரிச்சுப் புடிச்ச ஆளு. வந்ததும் பையத் தொறக்கவே இல்ல. "கொஞ்சம் நடத்திக் காட்டு தம்பி"ன்னாரு. முன்னாடி நின்னு பாத்தாரு, பின்னாடி போயி பாத்தாரு, பழைய லாடத்தைக் கழட்டித் திருப்பிப் பாத்தா வெளிப்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு, அதுக்கப்புறந்தான் அரத்தையே எடுத்தாரு. எனக்கு அப்பவே ஆளப் புடிச்சுப்போச்சு. லாடத்தைத் தட்டிக் குளம்புக்குத் தக்கன வளைக்கறவரு நல்ல ஆளு, லாடத்துக்குத் தக்கன குளம்ப ராவறவரா இருந்தா டீ குடுத்து அனுப்பி வச்சிருங்க.

ஆணிதான் முக்கியம். குளம்படியில ஓரத்த ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு ஓடும், ஆணி அதுக்கு வெளியில இருக்கற மரத்துப்போன பாகத்துலதான் ஏறோணும், உள்ள சாஞ்சா சதையில குத்திரும், சிலதுக்கு அன்னிக்கு ஒண்ணுமே தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு நொண்டும், குளம்பத் தொட்டா சுடும். உடனே டாக்டரக் கூப்புடுங்க, குதிரைக்கு டெட்டனஸ் சீக்கிரம் புடிக்கும். அண்ணன் சுத்தியல் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் அடிப்பாரு. முனை பக்கவாட்டுல வெளிய வந்ததும் முறுக்கி ஒடிச்சிருவாரு, குதிரை வெடுக்குன்னு காலை இழுத்தா அவரு தொடை கிழிஞ்சிருமில்ல.

லாடம் தேயலையேன்னு தள்ளிப்போடாதீங்க, குளம்பு வளந்துட்டேதான் இருக்கும், 6லேருந்து 8 வாரத்துக்கு ஒருக்கா கழட்டிச் சீவியே ஆகோணும். நம்ம வேலை, தெனமும் காலைத் தூக்கிப் பழக்கி வைக்கறது, அப்புறம் காஞ்ச தரை. இடவப்பாதி மழை, அதான் தென்மேற்குப் பருவமழை, வந்தா லாயம் சொதசொதன்னு ஆயிரும், குளம்படி கறுத்து அழுகல் நாத்தம் அடிக்கும், அதுக்கு லாடக்காரரத் திட்டி என்ன பண்றது.

ஒத்தக் குதிரைக்காக அவ்வளவு தூரம் வரச்சொன்னா யாருக்கும் கட்டாது. அதனால பக்கத்துல குதிரை வச்சிருக்கறவங்க சேந்து ஒரே நாளுல வரச்சொல்லி பெட்ரோல் காசப் பங்கு போட்டுக்கறோம், வேலந்தாவளம் பக்கம் யாராச்சும் சேர்றதா இருந்தா சொல்லுங்க.