தலைக்கட்டு வரியும் நோசிக்கும்: விருப்பப் பாடத்தில் நான் சறுக்கிய இடம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கு அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்த எனக்கு, முதல் முயற்சியில் கைகொடுக்காத பகுதி அரசின் ஏற்புடைமை, அதாவது நம்மீது ஆணையிட அரசுக்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. லிபர்டேரியன் (தனிமனித உரிமையை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பவர்) என்றாலே அரசை ஒழிக்கச் சொல்பவர் என்று எண்ணி, அமெரிக்கச் சிந்தனையாளர்களான ராபர்ட் நோசிக்கையும், அரசே வேண்டாம் என்ற முர்ரே ராத்பார்டையும் ஒரே பத்தியில் அடைத்துவிட்டேன்.

தெளிவு பிறந்தது கோபிசெட்டிபாளையம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலித்தபோதுதான். நோம்பிக்கே வராதவர் எதற்காக வரி கொடுக்க வேண்டும் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "ஊருல இருக்கறமல்லொ கண்ணு, புடிக்கலீன்னா வேற ஊருக்குப் போயிக்க வேண்டியதுதான்" என்றார். ஓரிடத்தில் வாழ்வதே மறைமுகச் சம்மதம் என்ற ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் வாதம் ஏறக்குறைய இதுதான். தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன், கடலில் குதித்தாலொழிய வெளியேற முடியாத நிலையில், தலைவனின் ஆணைக்குச் சம்மதித்தவன் ஆவானா என்று 1748-இல் டேவிட் ஹியூம் கேட்டது இந்த வாதத்தை எதிர்த்துத்தான்.

சம்மதம் கைவிட்டால் அடுத்து வருவது நியாயப் பங்கு. கூட்டுமுயற்சியின் பயனைப் பெற்றவர் அதன் சுமையிலும் பங்கேற்க வேண்டும் என்றார் எச்.எல்.ஏ. ஹார்ட் (1955). நோசிக் 1974-இல் இதை மறுத்தார்: அக்கம்பக்கத்தார் 364 பேர் ஆளுக்கொரு நாள் ஒலிபெருக்கியில் நிகழ்ச்சி நடத்துகிறார்கள், அதைக் கேட்டு ரசித்தீர்கள் என்பதற்காக உங்கள் முறை வரும்போது ஒரு நாளைக் கொடுத்தே ஆக வேண்டுமா? நோம்பி மைக்செட்டுக்குக் காது கொடுத்தே வளர்ந்த எனக்கு இந்த உதாரணத்தை மனப்பாடம் செய்யத் தேவை இருக்கவில்லை.

ஆயினும் நோசிக் அரசை மறுத்தவர் அல்லர். பாதுகாப்பு விற்கும் அமைப்புகளுள் ஒன்று ஒரு பகுதியில் மேலோங்கி, தாமே தண்டம் விதிக்கும் தனியாட்களைத் தடுத்து, அத்தடைக்கு ஈடாக அவர்களுக்கும் பாதுகாப்பு அளிக்கும்போது, யாருடைய உரிமையும் மீறப்படாமல் மிகச்சிறு அரசு உருவாகிறது என்பது அவர் வாதம். எந்த அரசும் அப்படிப் பிறந்ததில்லை என்று 1977-இல் ராத்பார்டு திருப்பியடித்தார். இந்த மோதல்தான் விடையின் உயிர். நான் தொலைத்ததும் இதைத்தான். நீதிக் கோட்பாட்டாளர் ஜான் ரால்ஸுடன் நோசிக் நடத்திய நீதி விவாதத்தை இங்கே இழுத்து வர வேண்டாம், அதற்குத் தனிக் கேள்வி வரும்.

அரசு பயனுள்ளதா என்பதும், அதற்கு என்மீது ஆணையிட உரிமை உண்டா என்பதும் வேறு வேறு. அரசியல் தத்துவவியலாளர் ஏ. ஜான் சிம்மன்ஸ் வலியுறுத்தும் இந்தப் பிரிவினையை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். மூன்று மணி நேரத்தில் 250 மதிப்பெண் என்னும்போது, 15 மதிப்பெண் விடைக்குப் பதினொரு நிமிடம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை.