விழுப்புரம் சந்திப்பில் கரி எஞ்சின்: சில குறிப்புகள்

ஜனவரி 6

சென்னையிலிருந்து மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) மின்பாதை 1960களில் விழுப்புரம் வரை வந்தது. மின்சார எஞ்சின் அங்கே கழன்றுகொள்ளும். தெற்கே போக வேறு எஞ்சின் மாட்டுவார்கள். விரைவு வண்டிகளை ஒய்டிஎம்-4 டீசல் மெல்ல எடுத்துக்கொண்டபின் ஒய்பி எனும் கரி எஞ்சினுக்கு மிஞ்சியவை பெரும்பாலும் பாசஞ்சர் வண்டிகள்தான். ஒய்பிக்கு முன்னே நாலு சக்கரம், நடுவே 1,372 மி.மீ. விட்டத்தில் இயக்கு சக்கரம் ஆறு, பின்னே இரண்டு. பாயிலர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. இத்தனை லேசான தண்டவாளத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயணிகள் எஞ்சின் நமக்கு வாய்க்கவில்லை என்றே சொல்வேன்.

ஜனவரி 9

பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது பயர்மேன் முதலில் தொடவேண்டியது புளோயர் வால்வை, அதாவது புகைபோக்கிக்குள் ஆவியை ஊதித் தீயை இழுக்கும் வால்வை. ஓடும்போது சிலிண்டரிலிருந்து வெளியேறும் ஆவிதான் புகைபோக்கி வழியே தீயை இழுத்துப் பிடிக்கிறது. சிலிண்டருக்கு ஆவி விடும் ரெகுலேட்டரை மூடியதும் அந்த இழுப்பு நின்றுபோகும். புளோயர் திறக்காவிட்டால் தீ பயர்பாக்ஸ் கதவு வழியாகக் கேபினுக்குள்ளேயே பாயும். முதலில் புளோயர், அப்புறம்தான் ரெகுலேட்டர். இந்த வரிசை மாறவே கூடாது.

ஜனவரி 10

தண்ணீர் பிடிப்பது: எஞ்சினுக்குப் பின்னே கரியும் நீரும் சுமக்கும் டெண்டரின் வாய் தண்ணீர்த் தூணுக்கு நேராக வரும்படி டிரைவர் நிறுத்த வேண்டும். சில அடி தள்ளிப்போனாலும் தோல்குழாய் எட்டாது. நிரம்பியதும் தூணின் கையைத் தண்டவாளத்துக்கு இணையாகத் திருப்பிப் பூட்ட வேண்டும். அப்படியே விட்டால் அடுத்து வரும் வண்டியில் இடிக்கும்.

ஜனவரி 17

கடைசி ஆண்டுகளில் வண்டி தாமதமானால் எஞ்சினைத்தான் திட்டினார்கள். பல நேரம் குற்றம் கரியுடையது. சாம்பல் அதிகமுள்ள கரியைத் தடித்துப் போட்டால் சாம்பல் உருகி, இறுகிய வெல்லப்பாகு மாதிரி தீயைத் தாங்கும் அடிக்கம்பிகளின்மேல் படியும். அதுதான் கிளிங்கர். கீழிருந்து காற்று வரவில்லை என்றால் தீ கறுக்கும், அழுத்தம் 210லிருந்து சரியும், மேலும் கரி போடுவார்கள், இன்னும் மோசமாகும். பின்மூலைகளில் கனமாகவும் முன்பக்கம் மெலிதாகவும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வீசுவதே முறை. புகை இளஞ்சாம்பல் நிறத்தில் இருந்தால் காற்றும் கரியும் சரி. கரும்புகை என்றால் கரி வீணாகிறது. புகையே இல்லையென்றால் காற்று மிஞ்சிவிட்டது.

சாம்பல் தட்டைக் காலி செய்யாமல் அடுத்த வண்டிக்கு அனுப்புவது அதைவிடக் கெடுதல். தட்டு நிரம்பினால் கம்பிகளைக் குளிரவைக்கக் காற்று இருக்காது. அவை வளைந்து இற்று விழும்.

ஜனவரி 18

இன்ஜெக்டர் (ஆவியின் வேகத்தால் பாயிலருக்குள் நீரைச் செலுத்தும் கருவி): தண்ணீரை முதலில் திற, பிறகு ஆவியை. வழிகுழாயில் சொட்டு நிற்கும்வரை தண்ணீரைச் சரிசெய். ஆவியாகவே கொட்டினால் இன்ஜெக்டரின் உடல் சூடாகிவிட்டது என்று பொருள். ஆவியை மூடி, குளிர்ந்த நீர் ஊற்றி, மறுபடி தொடங்கு. அப்படியும் பிடிக்கவில்லையா? டெண்டர் வடிகட்டியில் கரித்தூள், இணைப்பில் காற்றுக்கசிவு, இன்ஜெக்டரின் உள்கூம்பில் உப்புப் படிவு, இவற்றை வரிசையாகப் பார். இரண்டு இன்ஜெக்டரும் கைவிட்டு, பாயிலரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடியில் நீர் மறைந்தால் தீயை இறக்குவதைத் தவிர வழியில்லை. தயங்கினால் பயர்பாக்ஸ் கூரையிலுள்ள ஈயத் திருகு உருகி, ஆவியே தீமேல் கொட்டும்.

ஜனவரி 25

கடின நீரில் கரைந்த உப்பு பாயிலரிலேயே தங்குகிறது. மிஞ்சினால் நீர் நுரைத்து ஆவியோடு சிலிண்டருக்குப் போகும். நீர் அமுங்காது, ஆகவே பிஸ்டன் அதை முன்னே தள்ளி சிலிண்டர் மூடியையே உடைத்துவிடும். அவ்வப்போது பாயிலர் அடிநீரை வெளியே விடுவதும், ஷெட்டில் முறைப்படி கழுவுவதும் இதற்காகத்தான்.

கழுவுவதில் பொறுமை வேண்டும். பாயிலர் தானாக ஆறவேண்டும். அப்புறமே கழுவும் துளைகளை அடைத்திருக்கும் திருகுகளைக் கழற்றி, கம்பியால் குத்தி, அழுத்த நீரைப் பீய்ச்ச வேண்டும். அவசரத்தில் சூட்டோடு பச்சைத் தண்ணீர் விட்டால் குழாய்களின் பொருத்து தளர்ந்து கசியத் தொடங்கும். திருப்பி நிரப்பும்போதும் வெதுவெதுப்பான நீரே நல்லது.