மடக்கக்கூடிய மேனேஜர்

லைப்சிக்கில் ஒருவழியாக வீடு கிடைத்த சந்தோஷத்தில் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஸ்விட்சைத் தட்டினால் வெளிச்சம் வரவில்லை. அண்ணாந்து பார்த்தால் கூரையிலிருந்து மூன்று ஒயர் மட்டும் தொங்குகிறது. ஜெர்மனியில் வாடகை வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான், முன்னால் இருந்தவர் காலி செய்யும்போது விளக்கையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விடுவார், சில வீடுகளில் அடுப்படியையே பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மதுரையில் வீடு மாறும்போது நல்லா எரிகிற ட்யூப்லைட்டை அடுத்தவருக்கு விட்டுவிட்டு வந்த பரம்பரை நாங்கள். சரி, விளக்கு வாங்கியாயிற்று, மாட்ட வேண்டுமே. 100 வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம், கூரை 3 மீட்டருக்கு மேல் இருக்கும். மேசை மேல் ஸ்டூலைப் போட்டு ஏறுகிறேன் என்றேன். "ஏங்க, இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்குனு சொல்லிட்டு ஏறுங்க" என்றாள் மனைவி. ஏணி வாங்கக் கிளம்பிவிட்டேன்.

இங்கே கொஞ்சம் இலக்கணம் சொல்ல வேண்டும். ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு, ஆணுக்கு டெர், பெண்ணுக்கு டீ, இரண்டும் இல்லாததற்கு டாஸ். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பூன் ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. சிறுமி என்ற சொல்லும் டாஸ்தான், ஏனென்றால் அதன் கடைசியில் சின்னது என்று காட்டுகிற 'ஷென்' விகுதி வருகிறது, அந்த விகுதி ஒட்டினால் எதுவாக இருந்தாலும் டாஸ். நாம் குடிக்கிற டீ இருக்கிறதே, அது டீ இல்லை, டெர். மேசை நாற்காலியை எல்லாம் அஃறிணை என்று மொத்தமாக ஒரு மூட்டையில் கட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாக வளர்ந்தவனுக்கு 35 வயதில் இது தேவையா?

இந்த டெர், டீ, டாஸ் என்கிற ஆர்ட்டிகிளை உருப்போடுவதைவிட அதைத் தவிர்ப்பதற்குத்தான் நான் அதிகம் மூளையைச் செலவழித்தேன். பேக்கரியில் 'ஒன்று' என்று கேட்டால் ஐன், ஐனெ, ஐனென் என்று பால் பார்த்து, வேற்றுமையும் பார்த்துச் சொல்ல வேண்டும். 'ஸ்வை', அதாவது இரண்டு, என்று கேட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அதனால் எங்கே போனாலும் எனக்கு இரண்டு. இரண்டு காபி, இரண்டு கேக். பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக உட்கார்ந்து இரண்டு காபி குடிக்கிறவனை அந்த பேக்கரிக்காரம்மா என்ன நினைத்தாரோ, என் பெல்ட்டில் மட்டும் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியதாயிற்று.

ஆனால் இரண்டு ஏணி வாங்க முடியாதே. டிராமில் போகும்போதே வாக்கியம் தயார் செய்தேன். ஏணிக்கு ஜெர்மனில் லைட்டர் என்று பெயர் (நம்ம ஊர் கேஸ் லைட்டரை நினைக்கக் கூடாது). ஆணா பெண்ணா? 'அர்' என்று முடிகிற சாமான்கள் நிறைய ஆண்பால், கம்ப்யூட்டர் டெர், சுத்தியல் டெர், ஸ்விட்ச்கூட டெர். அப்போ ஏணியும் டெர். செயப்படுபொருளாக வரும்போது டெர் 'டேன்' ஆகும், அதையும் மறக்கவில்லை. இவ்வளவு கணக்குப் போட்டு ஒரு வாக்கியம் நான் அதுவரை பேசியதே கிடையாது.

கடை பெரிய கூடம் மாதிரி இருந்தது. தகவல் கவுண்டரில் இருந்த அம்மாவிடம் கம்பீரமாக, "இஷ் ப்ராவ்ஹெ டேன் லைட்டர்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். பிரச்சினைதான், வீடு முழுக்க இருட்டு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு போனை எடுத்து யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். ஏணி கொண்டுவர ஆள் அனுப்புகிறார்கள், என்ன சேவை என்று நான் பூரித்துப்போய் நிற்கிறேன்.

வந்தவர் டை கட்டியிருந்தார், கையில் ஏணி இல்லை. லைட்டரைக் கேட்டீர்களாமே, அது நான்தான் என்றார்.

எனக்குப் புரியவில்லை. சரி, ஏணி செக்‌ஷனுக்கு இவர்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எனக்கு 2 மீட்டர் வேண்டும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அலுமினியம் என்றேன். அதற்கும் பேச்சில்லை. வார்த்தை தெரியாததால் இரண்டு கையையும் சேர்த்து விரித்து மூடிக் காட்டி, மடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், வீட்டில் இடம் குறைவு என்றேன்.

அந்த மனிதர் ஒரு நிமிஷம் தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, கவுண்டர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் 1.70 தான் இருக்கிறேன், முதுகுவலி வேறு, மடங்க மாட்டேன் என்றார். பிறகு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஏணியைத் தட்டி "டீ லைட்டர்" என்றார், தன் நெஞ்சைத் தட்டி "டெர் லைட்டர்" என்றார். டெர் போட்டால் மேனேஜர், டீ போட்டால் ஏணி!

மாலை ஜெர்மன் வகுப்பில் இதைச் சொன்னேன். டீச்சர் சிரித்து முடித்துவிட்டு, இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்து ஒரே உருவத்தில் நிற்கிற சொற்கள் என்றார், ஒன்று வழிநடத்துவதிலிருந்து, இன்னொன்று சாய்வதிலிருந்து. இப்படி ஜோடிகள் இன்னும் இருக்கின்றனவாம், 'ஸே' என்பதற்கு டெர் போட்டால் ஏரி, டீ போட்டால் கடல். அதோடு, ஏணி வாங்கப் போகிறவர் 'ஐனெ லைட்டர்', ஒரு ஏணி, என்றல்லவா கேட்க வேண்டும், ஏன் குறிப்பிட்ட ஒரு ஆளைத் தேடுவது போல 'டேன்' போட்டீர்கள் என்றார். நான் என்ன செய்வது, வார்த்தையை உருப்போடும்போதே டெர், டீ, டாஸ் சேர்த்துப் போட்டால் அது வாயிலும் ஒட்டிக்கொண்டுதானே வரும்.

அடுத்த வாரம் விளக்கை மாட்டக் கொக்கி ஒன்று தேவைப்பட்டது. அதே கடை, அதே கவுண்டர், அதே அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள், இன்றைக்கு ஆளா, ஏணியா என்றார். கொக்கி டெர் என்று எனக்கு நன்றாகவே தெரியும், அன்று காலையில்தான் படித்தேன். இருந்தாலும் எதற்கு வம்பு.

"ஸ்வை" என்றேன். இரண்டாவது கொக்கி இன்னும் டிராயரில் கிடக்கிறது.