பழைய சர்வீஸை முழுங்கப் பார்த்தாங்க, விடல

தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் குடோன் வேலைல இருக்கிற நம்ம ஆளுங்களுக்காக எழுதறேன், இன்னும் கடுப்பு அடங்கல. 2008 மார்ச்ல சேர்ந்தேன். 2017 ஆகஸ்ட்ல கம்பெனி கைமாறுச்சு, அதே குடோன், அதே ஃபோர்க்லிஃப்ட், அதே சூப்பர்வைசர், வாசல்ல போர்டு மட்டும்தான் வேற. 2024 மே மாசம் ரிட்ரென்ச்மென்ட் லெட்டர் (ஆள் குறைப்பு) குடுத்தாங்க, பாத்தா செவரன்ஸ், அதான் வேலைய விட்டு எடுக்கறப்ப குடுக்கற பணம், 2017லருந்து மட்டும் கணக்குப் போட்டு 6 வாரச் சம்பளமாம்! முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் குறைஞ்சது ஒரு வாரம்ங்கறது சட்டம், எனக்கு 16 வரணும்.

எச்ஆர்ல கேட்டா அந்தப் பொண்ணு ஸ்க்ரீன்லருந்து கண்ணை எடுக்காமலே "அங்கிள், அது பழைய கம்பெனி, அவங்ககிட்டயே கேளுங்க"ங்குது. அவங்களை எங்க போய் தேடறது, கடையையே மூடிட்டுப் போயாச்சு.

1995 லேபர் ரிலேஷன்ஸ் ஆக்ட்ல 197வது செக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு. ஓடிட்டிருக்கிற வியாபாரத்தை அப்படியே வித்தா, ஆளுங்களும் பழைய சர்வீஸோட தானா புது முதலாளிகிட்ட போயிடுவாங்க, நடுவுல அறுந்த கணக்கே கிடையாது. கைமாறும்போது "ராஜினாமா எழுதிக் குடுங்க, புதுசா சேர்த்துக்கறோம்"னு எவனாவது பேப்பர் நீட்டினா தயவுசெஞ்சு கையெழுத்துப் போடாதீங்க. அப்புறம், வேலைய விட்டு நின்னுட்டு ஒரு வருஷத்துக்குள்ள அதே முதலாளிகிட்டயே திரும்பச் சேர்ந்தவங்களுக்கும் முன்னாடி பாத்த சர்வீஸ் சேரும், நிறைய பேருக்கு இது தெரியறதில்ல.

சிசிஎம்ஏல (முதலாளி-தொழிலாளி தகராறைத் தீர்த்து வைக்கிற அமைப்பு) கேஸ் போட காசு கட்ட வேண்டாம், 7.11ங்கற ஃபார்ம்தான். ஆனா காப்பி முதல்ல கம்பெனிக்குப் போயிருக்கணும், போனதுக்கு ப்ரூஃப் வேணும். ரிசப்ஷன்ல சீல் வைக்க மாட்டேன்னுட்டாங்க, மேனேஜர் இல்லையாம், நாளைக்கு வரணுமாம், மறுநாளும் அதே பாட்டு. பேசாம ரெஜிஸ்டர்டு போஸ்ட்ல அனுப்பிட்டேன், அந்த ஸ்லிப்பே போதும். வேலைய விட்டு எடுத்ததே அநியாயம்னு போடறவங்களுக்கு 30 நாள்தான் டைம், இவங்க இழுக்கறதுக்கு உக்காந்துட்டிருந்தா அது போயிடும்.

சிசிஎம்ஏல கன்சிலியேஷன் (சமரசப் பேச்சு) அன்னைக்கு என்கிட்ட இருந்தது பழைய பேஸ்லிப் ஒண்ணு, இங்க் மங்கி தேதிகூட சரியா தெரியாது, ஆனா க்ளாக் நம்பர், அதான் கம்பெனில நமக்குக் குடுக்கற ஆள் நம்பர், தெளிவா இருக்கு. புது கம்பெனி பேஸ்லிப்லயும் அதே நம்பர்! ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன், பேச்சை நடத்தின சிசிஎம்ஏ கமிஷனர் பாத்துட்டு "புது ஆளுன்னா ஏன் பழைய நம்பர்?"னு கேட்டார் பாருங்க, மேனேஜர் வெளிய போய் போன் பேசிட்டு வந்து 16 வாரத்துக்கு கையெழுத்துப் போட்டார்.

பணம் வந்துருச்சு. கடைசியா சர்வீஸ் சர்ட்டிஃபிகேட் வாங்கப் போனா அதுலயும் 2017லருந்துன்னு அடிச்சு வச்சிருக்காங்க, அங்கயே உக்காந்து 2008ன்னு மாத்தி வாங்கிட்டுத்தான் எந்திரிச்சேன்.