தண்ணீர் கொட்டும் வேலை: வாத்துகளோடு ஐந்து மாதம்

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் மகன் கேட்டானென்று இரண்டு வாத்துக் குஞ்சு வாங்கிவிட்டார். இங்கே சிங்கப்பூரில் வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், வாத்து வளர்க்க அனுமதி கிடையாது. அது தெரிய வந்தபோது குஞ்சுகள் குளியலறையை ஆக்கிரமித்திருந்தன. “அண்ணே, நீர்த்தேக்கத்துல விட்டுடலாமான்னு யோசிக்கிறேன்” என்றார். வளர்ப்புப் பிராணியைக் கைவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. அதைவிட, இவை பெக்கின் என்ற வெள்ளை வளர்ப்பு வாத்துகள், பறக்கவும் வராது, ஒளியவும் தெரியாது. உடும்புக்கு விருந்து வைத்த மாதிரிதான். எங்களுடையது தரைவீடு. 10 கோழி, வாத்து வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளிப்பறவை நுழைய முடியாத கூண்டு வேண்டும். சரி, கொண்டு வாருங்கள் என்றேன்.

வந்தபோது வயது ஐந்து வாரம். பாதி மஞ்சள் பூனைமுடி, பாதி வெள்ளை இறகு. சோழன், பாண்டியன் என்று பெயர் வைத்தோம். மூன்றே வாரத்தில் சோழன் தெருவுக்கே கேட்கும்படி “குவாக்” என்றது. சத்தமாகக் கத்துவது பெண் வாத்துதான். ஆணுக்குத் தொண்டை கட்டிய குரல். அம்மா அவளைச் ‘சோழி’ ஆக்கிவிட்டார்.

சோழி அடிக்கடி உட்கார்ந்துவிடுவாள், நடந்தால் கால் பின்னும். தம்பி வீட்டில் ரொட்டியும் சோறும்தான் தீனியாம். வளரும் வாத்துக்குக் கோழிக் குஞ்சைவிட நியாசின் என்ற பி வைட்டமின் அதிகம் வேண்டும், இல்லையென்றால் கால் வலுக்காது. மருத்துவரிடம் காட்டிவிட்டு, தீனியில் நியாசின் உள்ள ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள் கலந்து கொடுத்தோம். இரண்டு வாரத்தில் பாண்டியனைத் துரத்த ஆரம்பித்தாள். கார் நிறுத்தும் இடத்து டைல்ஸில் நடந்து பாதத்தில் புண் வந்துவிடும் என்பதால் ரப்பர் பாய் விரித்தேன். கூண்டுக்கு அரை அங்குலக் கம்பி வலை. மலைப்பாம்பு பயம்தான், வேறென்ன.

இதெல்லாம் சில வாரத்து வேலை. மீதி நாளெல்லாம் தண்ணீரோடுதான் போனது.

முதலில் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்தேன். பத்து நாளில் இரண்டுக்கும் கண்ணோரம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. வாத்து தலையை முழுக்க முக்கினால்தான் கண்ணும் மூக்குத் துளையும் சுத்தமாகும். சரி என்று பிள்ளைகள் குளிக்கும் பிளாஸ்டிக் குளம் வாங்கி நிரப்பினேன். காலை எட்டு மணிக்குப் பளிங்கு மாதிரி இருந்தது, மதியம் கீரைக் கூட்டு. இங்கே தேங்கிய தண்ணீர் என்றால் டெங்கிக் கொசு, அப்படியே விட முடியாது. வாசல் மழைநீர்க் கால்வாயிலும் ஊற்றக் கூடாது, அது நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. வாளி வாளியாக மொண்டு வாழைக்கு ஊற்றினேன். நாலாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது.

“எங்க ஊர்ல அறுவடை முடிஞ்ச வயல்ல நூத்துக்கணக்கா ஓட்டிட்டு வருவாங்க. எவனும் தண்ணி தூக்கி நான் பாத்ததில்லடா” என்றார் அம்மா. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர். வயலுக்கு நான் எங்கே போவது?

குளத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, முப்பது லிட்டர் ரப்பர் தொட்டி ஒன்று வாங்கினேன். நீந்த முடியாது, ஆனால் தலை முங்கும், இரண்டும் ஏறி உட்காரலாம். அடியில் துளை போட்டு அடைப்பான் வைத்து, குழாயை வாழைக்கு நீட்டினேன். துளையைக் கொஞ்சம் மேலே போட்டுத் தொலைத்ததால் எப்போதும் இரண்டு விரல் தண்ணீர் தங்கிவிடும். மறுபக்கம் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தும் முழுக்க வடியவில்லை. கடைசியில் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும். தினமும் காலை ஆறரைக்கு அடைப்பானைப் பிடுங்குவது, கவிழ்ப்பது, தேய்ப்பது, நிரப்புவது என்று இருபது நிமிடம். கண் தெளிந்துவிட்டது, இறகிலும் தண்ணீர் ஒட்டுவதில்லை. வாழை இரண்டாவது குலை தள்ளியிருக்கிறது.

போன வாரம் அந்தத் தம்பியே கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த வீட்டில் இன்னும் மூன்று இருக்கிறதாம். இன்னொரு தொட்டி, இன்னொரு இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். “இப்ப முடியாது தம்பி, மழைக்காலம் போகட்டும்” என்றேன். தரைவீடு உள்ள இரண்டு பேரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை தொட்டியைக் கவிழ்த்தபோது கலங்கல் தண்ணீரோடு ஏதோ ஒன்று உருண்டு வந்து காலில் இடித்தது. எடுத்துக் கழுவிப் பார்த்தால் முட்டை! வைக்கோல் போட்டுக் கூடு கட்டி வைத்திருக்கிறேன், சோழி தண்ணீருக்குள் போய் இட்டிருக்கிறாள்.