எக்ஸ்டீரியர் ரெண்டர் பிராக்டிகல்: வெயிலைத் தப்பாக வைத்துக் கோட்டை விட்டவன் எழுதுவது

எக்ஸ்டீரியர் ரெண்டர் என்றால் வீட்டின் வெளிப்புறத்தைக் கம்ப்யூட்டரில் மாடல் செய்து, போட்டோ போல உருவாக்குகிற படம். அந்த பிராக்டிகல் தேர்வுக்குப் போன வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. 71. பெரிய மார்க் இல்லை என்று தெரியும், ஆனால் முதல் தடவை 38 வாங்கிவிட்டு ஆறு மாதம் வீட்டில் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டவனுக்கு இது போதும். எப்படிப் பாஸ் செய்தாய் என்று அடுத்த பேட்ச் ஆட்கள் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். எத்தனை ஷீட், எத்தனை வியூ, வைவாவுக்கு (நேரில் கேள்வி கேட்கிற தேர்வு) எவ்வளவு மார்க் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

முதல் தடவை எனக்கு வந்தது மதுரையில் ஒரு வடக்கு பார்த்த மாடி வீடு. 30க்கு 50 மனை, முன்னால் 20 அடித் தெரு, பழைய சன்ஷேடு, கிரில் போட்ட போர்டிகோ, மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர் டேங்க். இருக்கிற சுவரை இடிக்காமல் முகப்பை மட்டும் மாற்றி, நிஜம் போலத் தெரிகிற மாதிரி இரண்டு ரெண்டர். மாடலிங் எனக்கு வேகமாக வரும், மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டேன். டெக்ஸ்சர் (சுவர், தரை மேல் ஒட்டுகிற மேற்பரப்புப் படம்) எல்லாம் போட்டு முதல் டெஸ்ட் ரெண்டர் ஓட்டினால் முகப்பு முழுக்க இருட்டு. நான் ஆசை ஆசையாகப் போட்ட எலிவேஷன் டைல்ஸ் எதுவும் தெரியவில்லை, வானம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

அங்கேதான் தப்பு செய்தேன். சோலார் நார்த்தை (மாடலில் வடக்கு எந்தப் பக்கம் என்று சொல்கிற அமைப்பு) பிடித்து, வெயில் இடது பக்கத்திலிருந்து சாய்வாக முகப்பில் விழுகிற வரைக்கும் சுற்றினேன். படம் அட்டகாசமாக வந்தது. பக்கத்து சீட் பையன்கூட எட்டிப் பார்த்துவிட்டு "சூப்பர்டா" என்றான்.

வைவாவில் இருந்தவர் பல வருஷம் சைட்டில் நின்ற மனிதர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இது எத்தனை மணிக்கு எடுத்த மாதிரி?"

"காலைல பத்து மணி சார்."

"எந்த மாசம்?"

எனக்கு வாயில் வந்தது டிசம்பர்.

"வடக்கு பார்த்த வீட்டுல டிசம்பர் மாசம் வாசல்ல வெயில் அடிக்குதா? எந்த ஊர்ல தம்பி?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முகப்பில் எதற்கு இத்தனை செங்குத்துப் பலகை என்று கேட்டார். வெயிலைத் தடுக்க என்றேன். நிஜமாகவே வெயில் அடிக்கிற மேற்குப் பக்கம் பெட்ரூம் ஜன்னலைக் காட்டி, அதன் மேல் இருந்த சன்ஷேடையும் நான் எடுத்துவிட்டதைக் காட்டி, பேனாவை மூடி வைத்துவிட்டார். படத்தில் சொன்ன பொய்யை நம்பித்தான் வீட்டையே டிசைன் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

நடந்தது இதுதான். மாடல் செய்கிற மென்பொருளான ஸ்கெட்ச்அப்பில் ஊரை நீங்களாக மாற்றாவிட்டால் அது உங்கள் வீட்டை அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் என்ற ஊரில் வைத்துத்தான் கணக்குப் போடும். அந்த ஊர் 40 டிகிரி வடக்கில் இருக்கிறது, மதுரை 10 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. அதிலிருந்து படத்தை ரெண்டர் செய்கிற வி-ரேயின் சூரியனும் அதே கணக்கைத்தான் எடுத்துக்கொள்ளும். 40 டிகிரியில் வருஷத்தில் எந்த நாளும் உச்சி வெயில் தெற்கில்தான். நம் ஊரில் அப்படி இல்லை. மதுரையில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முதல் பத்து நாள் வரைக்கும் மத்தியான சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். நாலு மாதத்துக்கும் கொஞ்சம் கூடுதலான அந்தக் காலத்தில் வடக்கு வாசலில் நிஜமாகவே வெயில் உண்டு, டிசம்பரில் காலையிலிருந்து மாலை வரை சொட்டு வெயில் கிடையாது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ப்ரிண்டைக் காட்டினேன். எங்கள் வீடும் வடக்கு வாசல்தான். "தை மாசம் வத்தல் போட மாடிக்குத்தான ஏறுறேன், வாசல்ல எங்க வெயில் வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃபீஸ் கட்டாமல் தெரிந்திருக்க வேண்டியது.

சரி, இரண்டாவது தடவை என்ன செய்தேன் என்று சொல்கிறேன். வேறு வீடு, ஆனால் மறுபடியும் மதுரை, மறுபடியும் வடக்கு வாசல் (மற்ற பேட்சுக்குக் கிழக்கு வந்தது, எனக்கு மட்டும் ராசி இப்படி). உட்கார்ந்ததும் ஒரு கோடுகூடப் போடாமல் ஊரை மதுரை என்று மாற்றினேன், நேர மண்டலம் 5.30 சரியாக இருக்கிறதா பார்த்தேன், சைட் பிளானில் உள்ள வடக்கு அம்புக்குறியோடு சோலார் நார்த்தைச் சேர்த்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு வெறும் பெட்டிகளாக மாடலை எழுப்பி, எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம் கொடுத்து, மாதத்தையும் மணியையும் மட்டும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். கிடைத்த புதையல் ஜூன் 21, காலை எட்டரை. அந்த நேரத்தில் சூரியன் வடகிழக்கில் தாழ்வாக நிற்கும், வெயில் வடக்குச் சுவரை நேராக அடிக்காமல் உரசிக்கொண்டு போகும். பூச்சில் உள்ள சின்ன மேடு பள்ளம், செங்கல் இடுக்கு, சன்ஷேடின் நிழல் எல்லாம் தானாக எழுந்து நிற்கும். நார்த்தைத் திருடிச் செய்த படத்தைவிட இது நன்றாக இருந்தது, கேட்டால் சொல்லப் பதிலும் இருந்தது.

ஒருவேளை டிசம்பர் படம்தான் வேண்டும் என்று கேள்வியிலேயே இருந்தால் முகப்பு நிழலில் இருப்பதை ஒத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்கொள்கிற வெளிச்ச அளவை) கொஞ்சம் ஏற்றி, வான வெளிச்சத்தை வைத்தே ஓட்டலாம். இல்லையென்றால் மாலை விளக்கு நேரத்துக்குப் போய்விடுங்கள், 3000 கெல்வின் (இதமான மஞ்சள் வெளிச்சம்) விளக்கு நான்கு போதும். நம் ஊரில் சூரியன் மறைந்து இருபது நிமிஷத்தில் இருட்டிவிடும், ஐரோப்பியப் படங்களில் இருக்கிற அந்த நீண்ட நீல வெளிச்சத்தைப் பார்த்துக் காப்பியடிக்காதீர்கள்.

மற்றவை, வரிசையெல்லாம் இல்லை, நினைவுக்கு வருகிறபடி:

- கேமரா ஐந்தேகால் அடி உயரத்தில். 20 அடித் தெருவில் எதிர்வீட்டு காம்பவுண்டில் முதுகு ஒட்டி நின்றால் என்ன தெரியுமோ அதுதான் வியூ. லென்ஸ் 24 முதல் 28 மில்லிமீட்டர். எதிர்வீட்டைத் துளைத்துக்கொண்டு 60 அடி பின்னால் போய் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மனதுக்கு ஏதோ இடிக்கும்.
- டூ-பாயின்ட் பெர்ஸ்பெக்டிவ் (செங்குத்துக் கோடுகளை நேராக நிறுத்துகிற வியூ) போட்ட பிறகு பான் மட்டும் செய்து படத்தை நகர்த்துங்கள், வியூவைச் சுற்றுகிற ஆர்பிட்டைத் தொட்டால் செங்குத்துக் கோடுகள் மறுபடி சாய்ந்துவிடும்.
- வெள்ளைச் சுவருக்கு நிற அளவில் உச்சமான 255 கொடுக்காதீர்கள். 200, 210 போதும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.
- செங்கல் டெக்ஸ்சரை எண்ணிப் பாருங்கள். பத்தடிச் சுவரில் கலவையோடு சேர்த்து ஏறக்குறைய 35 வரிசை வரணும். 15 வந்தால் அது பொம்மை வீடு.
- சுவர் ஓரம், படி ஓரம் எல்லாம் கத்தி மாதிரி இருக்கக் கூடாது, 5 மில்லிமீட்டர் உருட்டல் கொடுங்கள்.
- ரெடிமேட் மாடல்கள் இருக்கிற லைப்ரரியில் முதலில் கண்ணில் படுகிற மேப்பிள், பைன் மரங்களை மதுரைத் தெருவில் நடாதீர்கள். வேம்பு, வாழை, காம்பவுண்டு மேல் காகிதப்பூ.

கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் கண்ணாடி மெட்டீரியலோடு மல்லுக்கட்டுகிறார்கள், பிரச்சினை மெட்டீரியலில் இல்லை. கேமராவுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாததால் ஜன்னலில் வெறும் வானம் தெரிகிறது. எதிர்வீட்டு வரிசையின் போட்டோவை ஒரு பலகை மேல் ஒட்டிக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்துங்கள், அதன் நிழல் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலில் மங்கலாக ஒரு மாடி, ஒரு கம்பம் தெரிந்ததும் வீடு தெருவுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

அப்புறம், இது ரீடிசைன். புது வீடு இல்லை. வீட்டை மாற்றுகிறோம், தெருவை மாற்றவில்லை. பக்கத்து வீட்டின் பூசாத செங்கல் சுவர், குறுக்கே போகிற ஈபி கம்பி, மீட்டர் பெட்டி, மழைத்தண்ணீர் பைப், ஏசி அவுட்டோர் யூனிட், இதையெல்லாம் அழித்துவிட்டுப் புல்வெளியில் வீட்டை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கொடுத்த போட்டோவில் உள்ளதை முடிந்தவரை அப்படியே வையுங்கள். புதுப் பெயின்ட் என்றாலும் சுவரின் அடியில் ஒரு அடி உயரத்துக்கு மழைச் சேறு தெறித்த தடம், சன்ஷேடு முனைக்குக் கீழே லேசான கறுப்புக் கோடு, இவை இரண்டும் ஒரு மழைக்காலத்திலேயே வந்துவிடும். அழுக்கை எல்லா இடத்திலும் தூவாதீர்கள், தண்ணீர் வடிகிற இடத்தில் மட்டும்.

நான் பதற்றக்காரன். அதனால் பாதி நேரம் வரைக்கும் டெக்ஸ்சர் பக்கமே போக மாட்டேன், சாம்பல் மாடலில் வெயிலும் கேமராவும் பிடிபட்டால்தான் கை நடுங்காமல் வேலை ஓடும். நிதானமான ஆட்கள் வேறு மாதிரி செய்யலாம். ஃபைனல் ரெண்டருக்குக் கடைசி ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கினேன். ஏ3 ஷீட்டுக்கு 2480க்கு 1754 பிக்சல் போதும், 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) ஆசையில் அகலம் 4961 வைத்தவன் ரெண்டர் முடியாமல் பாதிப் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். ப்ரிண்டில் எப்போதும் ஒரு சுற்று இருண்டுதான் வரும், ஸ்கிரீனில் கொஞ்சம் வெளிறித் தெரிகிற அளவுக்கு விடுங்கள்.

இந்தத் தடவை வைவாவில் வேறு ஒருவர். மணி கேட்பார் கேட்பார் என்று ஜூன் 21, எட்டரை என்பதை மனப்பாடம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் கேட்கவே இல்லை. நானாகவே சொல்லிவிட்டேன். "ம்ம், தெரியுது" என்றார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மாடிப் பக்கம் விரல் வைத்து, "எல்லாம் வச்சிருக்க, துணி காயப்போட கொடி எங்க?" என்றார்.

கொடுத்த போட்டோவில் இருந்திருக்கிறது. நான்தான் அழித்திருக்கிறேன்.