61 கனமீற்றர் அறைக்கு ஒரு சரவுண்ட் புரொசெசர்

திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறை 5.5 மீற்றர் நீளமும் 3.7 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் உடையது; பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 61 கனமீற்றர். சீமெந்துக் கல்லால் எழுப்பிய சுவர்கள், மாபிள் பதித்த நிலம், கடற்பக்கம் பார்த்த இரண்டு யன்னல்கள், ஓட்டுக்குக் கீழே பலகைச் சீலிங். இந்த அறையில் இசைக்கும் திரைப்படத்துக்கும் ஒருசேரப் பயன்படக்கூடிய நல்லதொரு சரவுண்ட் புரொசெசரை, அதாவது ஒலியைப் பிரித்துச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களுக்குப் பங்கிடும் கருவியை, தெரிவுசெய்ய எனக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அவற்றில் முதலாவது ஆண்டை விவரத்தாள்களை ஒப்பிடுவதிலேயே செலவழித்தேன். அறையை அளக்கத் தொடங்கிய பிறகுதான் எதைத் தேட வேண்டும் என்பது தெளிவானது.

ரிசீவர் ஒன்றே போதுமே, புரொசெசர் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ரிசீவரில் ஒலியைப் பிரித்தறியும் பகுதியும் ஸ்பீக்கரை இயக்கும் அம்பிளிபயரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். புரொசெசரில் அம்பிளிபயர் இராது, அதைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். முன்பு எங்களிடம் இருந்த ரிசீவரில் எச்டிஎம்ஐ பலகை பழுதாகியது. வாங்கிய கடை அதை ஏழு மாதங்கள் வைத்திருந்துவிட்டு, உதிரிப்பாகம் கிடைக்காது என்று திருப்பித் தந்தது. அதன் அம்பிளிபயர் பகுதியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பெட்டி முழுவதும் பயனற்றுப் போனது. டிஜிட்டல் பகுதி விரைவில் பழையதாகும், அம்பிளிபயரோ இருபது ஆண்டுகளும் உழைக்கும். ஆயுட்காலம் இவ்வளவு வேறுபட்ட இரண்டை ஒரே பெட்டியில் அடைத்து வாங்குவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன்.

கேட்பவரைச் சுற்றியும் தலைக்கு மேலிருந்தும் ஒலியை வரச்செய்யும் டொல்பி அட்மோஸ் முறை 2012 இல் திரையரங்குகளுக்கும் 2014 இல் வீடுகளுக்கும் வந்தது. அதே வகையான டிடிஎஸ்:எக்ஸ் 2015 இல் வந்தது. இன்று இந்தத் தரத்தில் விற்கப்படும் எந்தப் புரொசெசரும் இவ்விரண்டையும் கையாளும் என்பதால், அந்தப் பட்டியலை வைத்து ஒன்றைவிட இன்னொன்று மேலானது என்று சொல்வதற்கு இடமில்லை. ஒலி எங்கிருந்து வருகிறது என்பதுதான் அதைவிட முக்கியம். புளூரே தட்டில் இருக்கும் டொல்பி ட்ரூஎச்டி ஒலி இழப்பின்றிப் பதிவானது. இணையவழிச் சேவைகள் அட்மோஸை அனுப்புவது பெரும்பாலும் டொல்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கப்பட்ட வடிவத்தில். எவ்வளவு விலையுயர்ந்த புரொசெசரும் அங்கே கழிக்கப்பட்டதைத் திரும்பக் கொண்டுவராது. சனல்களின், அதாவது தனித்தனி ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒலிவழிகளின், எண்ணிக்கையும் அப்படித்தான். பதினைந்து, பதினாறு சனல்கள் என்ற எண் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் 3.7 மீற்றர் அகலமான அறையில் கேட்பவரைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்களும் சீலிங்கில் நான்கும் வைத்தால் அதற்குமேல் இடைவெளியே மிஞ்சாது.

இனி அறைக்கு வருகிறேன். ஓர் அலையின் அரைநீளம் இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு இடையிலான தூரத்துக்குச் சரியாகப் பொருந்தும்போது அந்த அதிர்வெண் அறைக்குள் நிலையலையாக நின்றுவிடும். ஒலியின் வேகம் 20 பாகை வெப்பத்தில் செக்கனுக்கு 343 மீற்றர். எங்கள் ஊரின் வழக்கமான 30 பாகையில் அது 349 மீற்றர். அதை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் எங்கள் அறையின் முதலாவது நிலையலை 32 ஹேர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே விழுகிறது, இரண்டாவது 63 ஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே. அகலத்துக்கு 47, உயரத்துக்கு 58. கணக்கில் வந்த இந்த எண்கள் காதிலும் வருமா என்று பார்க்க, ஒலிவாங்கி ஒன்றை மடிக்கணினியில் இணைத்து, நாங்கள் வழமையாக அமரும் சோபாவில் தலை இருக்கும் உயரத்தில் நிறுத்தினேன். 15 ஹேர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டபோது, 32 அருகே யன்னல் கண்ணாடி நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது; சோபாவில் அமர்ந்திருந்த எனக்கோ ஒன்றுமே கேட்கவில்லை. எழுந்து பின்சுவரருகே போனதும் அதே ஒலி நெஞ்சில் முட்டியது. சோபா அறையின் சரி நடுவில் கிடந்தது. முதலாவது நிலையலையின் அழுத்தம் அற்றுப்போகும் இடம் அதுதான்; இரண்டாவதன் அழுத்தம் உச்சமாகும் இடமும் அதுவேதான். வரைபடத்தில் 32 ஹேர்ட்ஸில் ஆழமான பள்ளமும் 63 ஹேர்ட்ஸ் அருகே 11 டெசிபெல் உயர்ந்த மேடும் தெரிந்தன.

அமெரிக்க இதழ்களின் விமர்சனங்களை வாசித்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள வீடுகளில் பல மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்து கட்டியவை. அந்தச் சுவர்கள் தாழ்ந்த ஒலிக்குச் சற்று நெகிழ்ந்து கொடுத்து, அதன் ஒரு பகுதியை வெளியே விட்டுவிடுகின்றன. நம்முடைய சீமெந்துச் சுவரும் மாபிள் நிலமும் அதை அப்படியே உள்ளே திருப்பி அனுப்புகின்றன. ஆகவே அங்கே ஒருவருக்குச் சிறு பிரச்சினையாகத் தெரிவது இங்கே முதற்பிரச்சினையாகிவிடும். நான் தேடிய புரொசெசர் முதலில் இந்தத் தாழ்ந்த ஒலியை, அடியொலியைச் சீர்செய்யத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து வந்த முடிவு.

அறையை ஒலிவாங்கியால் அளந்து அதற்கேற்ப ஒலியை மாற்றுவதை அறைத் திருத்தம் என்பார்கள். அதை ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு வழியில் செய்கின்றது. மராண்ட்ஸும் டெனனும் ஓடிசியைத் தருகின்றன. அவற்றின் உயர்நிலைக் கருவிகளில் சுவீடனின் டிராக் லைவைப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். கனடாவின் அன்தம் தனது ஏஆர்சி ஜெனசிஸையும், டென்மார்க்கின் லிங்டோர்ஃப் ரூம்பெர்ஃபெக்டையும், பிரான்சின் டிரின்னோவ் தனது ஒப்டிமைசரையும் பயன்படுத்துகின்றன. டிரின்னோவின் ஒலிவாங்கியில் நான்கு முனைகள் உள்ளன. ஸ்பீக்கர் எந்தத் திசையில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையே அது கண்டுபிடித்துவிடும். இத்துறையில் இன்று நான் மிகவும் மதிக்கும் வேலை அது, விலை எனக்கு எட்டவில்லை. எந்த முறையும் மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது என்பதை மட்டும் வாங்கும் முன் விளங்கிக்கொள்ள வேண்டும். பள்ளம் என்பது நேரே வரும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் இடம். அங்கே 10 டெசிபெல் கூட்டினால் அம்பிளிபயர் பத்து மடங்கு வலுவைச் செலவழிக்கும், அழிப்பும் கூடவே வளரும்.

எனவே கருவி வருவதற்கு முன்பே சோபாவை முன்சுவரிலிருந்து 3.4 மீற்றருக்குத் தள்ளினேன். அடியொலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்களான சப்வூபர்களில் ஒன்றை முன்சுவரின் நடுவிலும் மற்றதைப் பின்சுவரின் நடுவிலும் வைத்தேன். ஹார்மன் நிறுவனத்தின் டொட் வெல்டி 2002 இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்கப்படும் இரண்டு சப்வூபர்கள் இருக்கைக்கு இருக்கை மாறும் அடியொலியை எவ்வளவு சமப்படுத்துகின்றன என்பதைக் காட்டியிருந்தது. எங்கள் அறையிலும் அப்படியே நடந்தது. 32 ஹேர்ட்ஸ் பள்ளம் காசு செலவின்றி மறைந்தது. எஞ்சியிருந்த மேட்டை மட்டும் புரொசெசர் வெட்டினால் போதும் என்ற நிலை வந்தது.

திரைப்படத்துக்கு இவ்வளவும் போதும். இசைக்குப் போதாது.

அப்பாவிடம் வானொலியிலிருந்து பதிந்த நாகஸ்வர, தவில் ஒலிநாடாக்கள் நிறைய இருந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் என்றால் அப்பா கதிரையை விட்டு எழும்ப மாட்டார். பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் நேரே நின்று தவில் கேட்டுப் பழகிய காது அவருடையது. தவிலின் ஒரு முகமான வலந்தலையில் விரற்கூடுகள் விழும் ஓசை ஊசி குத்துவதுபோல் வந்து நிற்க வேண்டும். மறுமுகமான தொப்பியில் கழி விழும் ஓசை கனமாக எழுந்து, அடுத்த அடி வருமுன் அடங்கிவிட வேண்டும். எங்கள் அறையில் தொப்பி அடங்கவேயில்லை. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொண்டு, வேகமான இடங்களில் எல்லாம் ஒரே முழக்கமாகக் கிடந்தது.

தூய இசைப் பிரியர்கள் பலர், ஸ்டீரியோ கேட்கும்போது புரொசெசரின் டிஜிட்டல் பகுதியைக் கடந்து ஒலியை நேரே அனுப்பும் முறையையே நாட வேண்டும் என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. பல புரொசெசர்கள் அறைத் திருத்தம் இயங்கும்போது 96 அல்லது 192 கிலோஹேர்ட்ஸில் வரும் இசையை 48 க்குக் குறைத்துவிடுகின்றன. ஆனால் நேர்முறையில் சப்வூபரும் வேலை செய்யாது, அறையின் மேடும் அப்படியே திரும்பி வந்துவிடும். அந்த முறையில் தவில் மறுபடி முழங்கியது. திருத்தத்தை முழு அலைவரிசைக்கும் போட்டபோது தொப்பி அடங்கியது, ஆனால் தம்புராவின் ஜீவாரி மங்கிவிட்டது. தந்தியிலிருந்து கிளம்பும் அந்த மெல்லிய மினுக்கம், துணி போட்டு மூடியதுபோல் ஆகிவிட்டது. காரணம் விளங்காத ஒன்றல்ல. எங்கள் அறையின் அளவுக்கும் எதிரொலி நேரத்துக்கும், ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒலியை ஆள்வது அறை. அதற்கு மேலே ஆள்வது பெரும்பாலும் ஸ்பீக்கர். நல்ல ஸ்பீக்கரின் மேற்பகுதியை, அறையின் தெறிப்புகளையும் சேர்த்து அளக்கும் ஒலிவாங்கியின் சொற்கேட்டு மாற்றினால், அதை ஆக்கியவரின் உழைப்பைத்தான் கெடுக்கிறோம்.

ஆகவே என்னுடைய தேவை ஒரே வாக்கியத்தில் அடங்கியது. அடியொலியை நன்றாகத் திருத்த வேண்டும், நான் சொல்லும் எல்லைக்கு மேலே கைவைக்கக் கூடாது, இசைக்கு ஒன்றும் படத்துக்கு ஒன்றுமாக இரண்டு அமைப்புகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்து மூன்று கருவிகளைக் கேட்டேன். கொழும்பில் நண்பர் ஒருவரின் வீட்டில் மராண்ட்ஸ் ஏவி10 இருக்கிறது. 2023 இல் வந்த 15.4 சனல் புரொசெசர் அது, அமெரிக்காவில் 7,000 டொலருக்கு அறிமுகமானது. அதன் ஸ்டீரியோ ஒலி மிக அழகானது, நான்கு சப்வூபர்களைத் தனித்தனியே கட்டுப்படுத்தும் வசதியும் உண்டு. சென்னை சென்றிருந்தபோது லிங்டோர்ஃப் எம்பி-60 ஐ ஒன்றரை மணிநேரம் கேட்டேன். அடியொலியை அது துப்புரவாக்கும் விதம் இன்னும் நினைவில் இருக்கிறது, அதுவும் என் கைக்கு மிஞ்சியது. மூன்றாவதான அன்தம் ஏவிஎம் 70 இல், திருத்தம் எந்த அதிர்வெண்ணுடன் நிற்க வேண்டும் என்பதை நாமே குறிக்கலாம். நான்கு வெவ்வேறு ஸ்பீக்கர் அமைப்புகளைச் சேமித்து ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒன்றை ஒதுக்கலாம். விலையும் அப்போது ஏவி10 இன் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. இலங்கையில் இத்தகைய பொருளின் விலைமேல் சுங்கத் தீர்வையும் 2024 முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரியும் ஏறும்போது, அந்தப் பாதி மிகப் பெரிய வேறுபாடாகிவிடுகிறது. அன்தத்தையே வாங்கினேன்.

அளவீட்டு ஆய்வகங்கள் இசையின் மட்டத்திலிருந்து 100 டெசிபெலுக்கும் கீழே கிடக்கும் இரைச்சலை வைத்து இக்கருவிகளைத் தரவரிசைப்படுத்துகின்றன. அந்த வேலையை நான் மதிக்கிறேன், என்றாலும் வாடைக்காற்றோடு வரும் கார்த்திகை மழை எங்கள் ஓட்டில் பெய்யும்போது அந்த வேறுபாடு எதுவும் காதுக்கு எட்டாது. திருகோணமலையில் வாழும் கருவிக்கு வேறு சில சோதனைகள் இருக்கின்றன. கச்சான் வீசும் மாதங்களில் மதியத்தில் அறை அடுப்புபோல் இருக்கும், புரொசெசரும் தானாகவே சூடாகும் பொருள். அதனால் அதை மூடிய அலுமாரியில் வைக்காமல், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுத் திறந்த தட்டில் வைத்திருக்கிறேன். கடற்காற்றில் மலிவான இணைப்புமுனைகள் ஓராண்டுக்குள் பச்சை பூத்துவிடும்; பொன்முலாம் பூசிய முனைகளுக்கு இங்கே உண்மையாகவே பயன் உண்டு. ஐப்பசி இடிமின்னலுக்கு மின்செருகியை மட்டும் கழற்றுவது போதாது. மின்னல் செய்மதித் தொலைக்காட்சியின் வடம் வழியாகவும் வந்து எச்டிஎம்ஐ பலகையைத் தாக்கலாம், ஆகவே அதையும் கழற்றிவிட வேண்டும். ஏறி இறங்கும் மின்னழுத்தத்துக்காகத் தூய சைன் அலை தரும் யுபிஎஸ் ஒன்றைப் புரொசெசருக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

அமைக்க ஒரு பகல் போனது. ஏழு இடங்களில் ஒலிவாங்கியை நிறுத்தி அளந்தேன். ஒவ்வொரு தடவையும் மின்விசிறியை நிறுத்தி, தெருநாய்கள் ஓயும்வரை காத்திருந்தேன். முதலாவது அமைப்பு படத்துக்கானது. இதில் ஐந்து ஸ்பீக்கர்களும் சீலிங்கின் நான்கும் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சப்வூபர்களிடம் ஒப்படைக்கின்றன. நடு ஸ்பீக்கரின் மட்டத்தை மட்டும் அம்மாவுக்காக ஒன்றரை டெசிபெல் கூட்டியிருக்கிறேன். உரையாடல் புரியாமல் அவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுப் படம் பார்த்த காலம் அதனோடு முடிந்தது. இரண்டாவது அமைப்பு இசைக்கானது. இதில் இரண்டு முன் ஸ்பீக்கர்களும் சப்வூபர்களும் மட்டுமே இயங்கும். திருத்தம் 250 ஹேர்ட்ஸுடன் நின்றுவிடும், ஸ்டீரியோவைப் பல ஸ்பீக்கர்களுக்கு விரித்துப் பரப்பும் வசதிகள் எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கும்.

அன்று மாலை அந்த இரண்டாவது அமைப்பில் பழைய ஒலிநாடாப் பதிவு ஒன்றைப் போட்டேன். நாடாவின் இரைச்சல் அப்படியே இருந்தது. அதை நீக்க நான் முயலவும் இல்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அப்பா கையைத் தொடையில் வைத்துத் தாளம் போடத் தொடங்கினார். வேகம் ஏறிய இடத்தில் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "தம்பி, இப்பதான் தொப்பி அடி அடங்கி நிக்குது" என்றார். பிறகு பதிவை முதலிலிருந்து போடச் சொன்னார்.